போலியோவும் தண்டுவடக் காயமும்: சக்கர நாற்காலியில் இரு வாழ்க்கை

சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார் என்றால் நம் கண் முதலில் போவது அவர் கால்களுக்குத்தான். கால் சூம்பியிருக்கிறதா, அசைகிறதா என்று பார்த்துவிட்டு, 'நடக்க முடியாதவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அலுவலகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் முடிக்கின்றன. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு வாழ்க்கைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ தாக்கியவருடையது. மற்றது, வளர்ந்து ஆளான பிறகு மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்து, அல்லது சாலை விபத்தில் சிக்கி, முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவருடையது. இருவருக்கும் நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்து கழிக்கும் நாள் ஒன்றல்ல.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்போது ஒரு அவசியம் வந்திருக்கிறது. சென்ற தலைமுறையில் ஊனம் என்றாலே நம் ஊர்களில் பெரும்பாலும் போலியோதான். காலைத் தாங்கும் காலிப்பர், கக்கத்தில் ஊன்றுகோல், கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள், எஸ்.டி.டி. பூத் ஒதுக்கீடு என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் அந்த உடலைப் பார்த்துத்தான் திட்டம் போட்டன. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை. நாள் 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்காசியப் பகுதிக்குப் போலியோ ஒழிந்ததற்கான சான்று வழங்கியது. ஆக, போலியோ தலைமுறை இனிப் பெருகாது, மூப்படையும். தண்டுவடக் காயமோ நாள்தோறும் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. நம் உதவித் திட்டங்கள் இன்னமும் அந்தப் பழைய போலியோ உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகவே இருக்கின்றன. புதிதாக வருபவருக்கு அது பொருந்தவில்லை. வயதாகிவிட்ட பழையவருக்கும் இப்போது பொருந்தவில்லை.

எது போனது, எது மிஞ்சியது

போலியோ வைரஸ் வாய் வழியாகக் குடலுக்குள் போகிறது. தொற்றிய 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அது நிரந்தரச் செயலிழப்பில் முடிகிறது. அவருடைய தண்டுவடத்தில், தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அது அழித்துவிடுகிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கால் துவண்டு கிடக்கும். ஆனால் அந்தக் காலில் எறும்பு ஊர்ந்தால் தெரியும், சூடு பட்டால் சுரீரென்று உறைக்கும். சிறுநீரும் மலமும் வருவது தெரியும், அடக்கவும் முடியும். பாதிப்பு சீராகவும் இருக்காது. இடது கால் முழுதாகப் போயிருக்கும், வலது கால் பாதி தாங்கும், ஒரு தோள் மட்டும் வலுக்குறைந்திருக்கும்.

தண்டுவடக் காயத்தில் கணக்கே வேறு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று முதுகெலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியதோ அதற்குக் கீழே, முழுக் காயம் என்றால், மூளையிலிருந்து போகும் கட்டளையும் உடலிலிருந்து வரும் செய்தியும் சேர்ந்தே நின்றுபோகின்றன. மார்புப் பகுதியில் அடிபட்டவருக்குக் கைகள் இரண்டும் முழு வலுவோடு இருக்கும். கழுத்தில் அடிபட்டவருக்கு ஒரு எலும்பு மேலே, ஒரு எலும்பு கீழே என்பதிலேயே வாழ்க்கை மாறிவிடும். ஐந்தாவது கழுத்தெலும்பின் மட்டம் என்றால் முழங்கையை மடக்கலாம். ஆறாவது என்றால் மணிக்கட்டைத் தூக்கலாம். அந்த ஒரு அசைவை வைத்தே டம்ளரைப் பிடிக்கப் பழகுகிறவர்கள் உண்டு. ஏழாவது என்றால் முழங்கையை நீட்டி ஊன்றலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறும் வாய்ப்பு பிறக்கும். கைகால் அசைவோடு சேர்ந்து தொடு உணர்ச்சி, சிறுநீர்ப்பை, குடல், வியர்வை ஆகியவையும் மூளையின் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன.

சுருங்கச் சொன்னால், போலியோக்காரரின் உடல் அவரோடு பேசிக்கொண்டே இருக்கிறது. அவர் சொல்வதை அது கேட்பதில்லை. தண்டுவடம் அடிபட்டவரின் உடல் கேட்பதுமில்லை, பேசுவதுமில்லை. இவர்களுடைய நாளில் நேரும் எல்லா வேறுபாட்டுக்கும் வேர் இதுதான்.

வந்த வயது

போலியோ பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. 'ஜுரம் அடித்தது, ஊசி போட்டோம், மறுநாள் கால் விளங்கவில்லை' என்று சொல்லாத போலியோ குடும்பம் அபூர்வம். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மையும் உண்டு: வைரஸ் உடலில் இருக்கும் நேரத்தில் காலின் தசையில் போடும் ஊசி, அந்தக் காலில் செயலிழப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. பிள்ளையை ஊசிக்குத் தூக்கிப்போன தாய் அந்தக் குற்ற உணர்வை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். ஆனால் பிள்ளைக்கு நடந்த நினைவே இருக்காது. தவழ்வதும் கையூன்றி நகர்வதும் அதற்கு இயல்பு. அம்மாவின் இடுப்பில் பள்ளிக்கூடம் போய், கூட்டாளிகளின் சைக்கிளில் தொற்றி ஊர் சுற்றி, இருபது வயதுக்குள் தன் உடலின் எல்லா நெளிவுசுளிவும் அதற்குப் பாடமாகிவிடும். நான்கு வயதில் போலியோ கண்ட வயலின் மேதை இட்சாக் பெர்ல்மன் வில்லைப் பிடித்து முறையாகப் பழகியதே உட்கார்ந்தபடிதான். எந்தத் தொழிலையும் அவர் இழந்து மீட்க வேண்டியிருக்கவில்லை.

தண்டுவடக் காயம் பெரும்பாலும் உழைக்கும் வயதில் வருகிறது; பல வீடுகளில் சம்பாதிக்கிறவருக்கே வருகிறது. தென்னை, பனை, கட்டடச் சாரம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, இரு சக்கர வண்டி என்று நம் ஊரில் அதற்கு வாசல்கள் பல. விழுந்தவரைப் பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதிலேயே மிச்சமிருந்த தண்டுவடமும் நசுங்கிவிடுவதுண்டு. கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் குடும்பம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறது: எப்போது நடப்பான்? சில வாரங்களில் கால் தானாக வெட்டி இழுக்கும். 'கால் அசையுது, குணமாகுது' என்று வீடே பூரிக்கும். அது மூளையின் கட்டளையால் வரும் அசைவல்ல. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் தன்னிச்சையாகத் துடிப்பது. இந்தத் துடிப்பை நம்பி நிலத்தை விற்று எண்ணெய் வைத்தியத்துக்கும், ஆதாரமில்லாத ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். போலியோக் குடும்பங்களும் அந்தக் காலத்தில் நாட்டு வைத்தியம், அறுவை, காலிப்பர் என்று அலைந்தவைதான். ஆனால் அந்த அலைச்சல் தேய்ந்து முடியும்போது பிள்ளை பள்ளிப் படிப்பில் பாதியைக் கடந்திருக்கும். இங்கேயோ அலையும் காலத்தில் வேலை போகும், கடன் ஏறும், முதுகில் புண் வரும்.

இழந்ததை மீட்பது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மூத்த எடுத்துக்காட்டு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தில், நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் அந்தத் துறையைப் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் அவர் முன்னின்று எழுப்பிய மறுவாழ்வு நிலையம், அறுவைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு படி இருக்க வேண்டும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. தண்டுவடக் காயமுற்றவர் பிழைத்துப்போவதற்கு அந்தப் படியே ஆதாரம். இன்றும் பலர் அதை மிதிக்காமலே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

விடிந்ததும்

இரண்டு வாழ்க்கையும் முதலில் பிரிவது கழிப்பறை வாசலில்.

மார்புப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பை நிரம்பியது அவருக்குத் தெரியாது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டர் குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும், அறுவை அரங்கின் கிருமிநீக்கம் தேவையில்லை என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டிய பிறகுதான் இது வீட்டில் செய்யக்கூடிய காரியமாயிற்று. பழக்கப்படாதவர்கள் நிரந்தரமாக ட்யூபும் யூரின் பேக்குமாக இருக்கிறார்கள். அடிக்கடி நோய்த்தொற்று, ஜுரம், சில வருடங்களில் கல்.

மலம் கழிப்பது இன்னும் பெரிய வேலை. தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, ஒரே நேரத்துக்குக் குடலைப் பழக்க வேண்டும். முந்திய இரவே மாத்திரை. காலையில் வெந்நீரோ காபியோ குடித்து, நடுவில் துளையிட்ட கம்மோட் நாற்காலிக்கு மாறி, உறை போட்ட விரலால் தூண்டிக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் சாதாரணம். குளித்து, உடுத்தி, நாற்காலிக்கு வந்து சேரும்போது காலை பாதி போயிருக்கும். ஒன்பது மணி அலுவலகத்துக்கு ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். கல்யாணம், பயணம், நேர்முகத் தேர்வு எல்லாமே இந்த நேரத்தை வைத்துத்தான் தீர்மானமாகும். 'ஏன் வரலை?' என்று கேட்கும் உறவினரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்ல நா எழாது. 'உடம்பு சரியில்லை' என்பதோடு முடித்துக்கொள்வார்.

போலியோ பாதித்தவருக்கு இந்த வேலைகள் எதுவும் இல்லை. அவருக்குச் சிக்கல் போய்ச் சேருவது. வீட்டில் தரையோடு நகர்ந்து இந்தியன் கழிப்பறையையே பலர் சமாளித்துவிடுகிறார்கள். வெளியூரில், அரசு அலுவலகத்தில், பேருந்து நிலையத்தில் ஈரமும் அழுக்குமான தரையில் கையூன்றிப் போக வேண்டும், அல்லது போகாமலே இருக்க வேண்டும். பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

தண்ணீரைக் குறைப்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். கழிப்பறை இல்லாததால் போலியோக்காரர் குறைக்கிறார். வழியில் கசிந்து மானம் போய்விடுமோ என்று தண்டுவடக்காரர் குறைக்கிறார். விளைவு இருவருக்கும் கெடுதல். தண்டுவடக்காரருக்குச் சிறுநீரகத்தையே குறிவைக்கும் கெடுதல். தீர்வும் ஒன்றல்ல. முன்னவருக்குப் படியில்லாத வழியும், 90 சென்டிமீட்டர் அகலக் கதவும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடைத்தால் பெரும்பாதி முடிந்தது. பின்னவருக்கு அதற்கு மேல் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமும், குழாயையும் பையையும் வைக்க ஒரு மேடையும், கை எட்டும் இடத்தில் தண்ணீரும், வெளியே யாரும் கதவைத் தட்டாத நேரமும் வேண்டும். 'மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை' என்று பலகை மாட்டி, துடைப்பமும் பக்கெட்டும் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் அறை இருவருக்குமே உதவாது.

தரையும் தோலும்

நம் வீடுகள் தரையோடு வாழ்வதற்குக் கட்டப்பட்டவை. பாய் விரிப்பதும் பந்தி பரிமாறுவதும் காய் நறுக்குவதும் தரையில்தான். போலியோக்காரருக்குத் தரை ஒரு வசதி. வாசலில் நாற்காலியை விட்டு இறங்கி, கையை ஊன்றி, நிலைப்படியைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் போய்வருவார். சக்கரம் நுழையாத வீடுகளில்கூட அவர் நுழைந்துவிடுவார். எங்காவது உரசினால் வலிக்கும்; உடனே இடம் மாறிக்கொள்வார். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்கு வருவதுபோல அவருக்கும் மரத்துப்போகும், நெளிந்துகொள்வார். அந்த நெளிவுதான் தோலைக் காப்பாற்றுகிறது.

தண்டுவடக்காரர் நெளிவதில்லை, ஏனென்றால் வலி தெரிவதில்லை. உட்காரும் எலும்புக்கும் நாற்காலிக்கும் இடையே சிக்கிய தோலுக்கு இரத்தம் போகாது. ஆகவே கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடலைத் தூக்க வேண்டும், அல்லது முன்னே குனிந்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். அதற்காக இரவில் எழுவது மனைவியோ தாயோ. தினமும் கைக்கண்ணாடியை வைத்துப் பின்புறத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். ஒரு சிவப்புத் திட்டு, அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே நின்றால், அன்றோடு உட்காருவதை நிறுத்த வேண்டும். 'சின்னப் புண்தானே' என்று இரண்டு நாள் விட்டவர் மூன்று மாதம் குப்புறப் படுத்த கதைகள் ஏராளம். சுடுசோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசியவர், தொடை வெந்ததைத் துணி மாற்றும்போதுதான் பார்க்கிறார். அவருக்குத் தரை ஆகாது; பாறைபோல் இறுகிய மெத்தையும் ஆகாது. சக்கர நாற்காலியின் மேல் போடும் நல்ல காற்று மெத்தை அவர் உயிரைக் காக்கும் கருவி. அதை ஆடம்பரமாக எண்ணி வாங்காமல் விடுவதால் வரும் புண்ணுக்கு ஆகும் செலவு மெத்தையின் விலையைப்போலப் பல மடங்கு.

இந்தப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் சேர்ந்துதான் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றன. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுத்விக் குட்மன் பொறுப்பேற்றதும் அதிசய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நேரம் தவறாமல் புரட்டச் செய்தார், சிறுநீரைக் கவனிக்கச் செய்தார், எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று 16 பேரோடு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக்காக வளர்ந்தது. இன்று அந்த மைதானங்களில் போலியோக்காரரும் தண்டுவடக்காரரும் ஒரே பிரிவில் மோதுவதுண்டு. அங்கே தசையின் வலுவை அளந்து பிரிப்பதால் அது நியாயம். வீட்டில் அதே அளவுகோல் செல்லாது.

வெயிலும் வலியும்

சித்திரை வெயிலில் போலியோக்காரருக்கு நம்மைப்போலவே வியர்க்கும். அவருக்குத் தொல்லை மார்கழி. இரத்த ஓட்டம் குறைந்த கால் நீலம்பாரித்துச் சில்லிட்டுப்போகும், தசை இன்னும் தளரும். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு உடலின் பெரும்பகுதியில் வியர்வையே வராது. மதிய வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் காத்திருந்தால் உடல் சூடேறி மயங்கிவிடுவார். ஈரத்துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் அவர் பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தை அவர் வீட்டார் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்புப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்தாலோ மலச்சிக்கல் முற்றினாலோ காலில் நகம் குத்தினாலோ, இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை பிளப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து நெற்றி வியர்க்கும். படுக்கவைக்கக் கூடாது; நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தலைவலி மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைப்பது உயிருக்கே உலை வைக்கும்.

உணர்ச்சி இல்லாதவருக்கு வலியும் இருக்காது என்று நினைப்போம். அதுவும் தவறு. தொட்டால் தெரியாத காலில் நெருப்பு எரிவதுபோல் ஓர் எரிச்சலை நாள் முழுக்க அனுபவிப்பவர்கள் பலர். அடிபட்ட நரம்பே கிளப்பும் வலி அது. பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. போலியோவின் மெலிந்த கால் தன் கதையைத் தானே சொல்லிவிடும். தண்டுவடக்காரரோ சட்டை போட்டு உட்கார்ந்தால் திடகாத்திரமாகத் தெரிவார்; 'நல்லாத்தானே இருக்கீங்க' என்பதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போவார்.

வாசலைத் தாண்டி

வெளியே வந்ததும் இருவரும் ஒரே கட்சி. படி, உடைந்த நடைபாதை, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டிய சாய்தளத்தை நாலடியில் செங்குத்தாக முடித்துவிட்ட வங்கி வாசல் எல்லாம் இருவரையும் ஒன்றாகவே தடுக்கின்றன. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரத்தாலான நிரந்தரப் பாதை போட்டபோது, கடலலையில் கால் நனைத்தவர்களில் இரு தரப்பாரும் இருந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது இழப்பும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. 2024இல் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளும் அப்படித்தான்.

வண்டியில் மறுபடி பிரிகிறார்கள். அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் போலியோ தலைமுறைக்குப் பெரிய விடுதலை. வீட்டிலிருந்து அதில் ஏறினால் வேலைக்கும் கடைக்கும் யார் தயவும் வேண்டாம். கீழ்முதுகில் அடிபட்டவருக்கும் அது உதவும். மேலே போகப் போக, இடுப்பு நிற்காதவர் அதில் வளைவில் சாய்ந்துவிடுவார். சைலன்சர் பட்டுக் கால் பொசுங்கினாலும் தெரியாது. கழுத்துக்காரருக்கு அது பொருளே அல்ல.

நாற்காலி விஷயமும் இப்படியே. நம் முகாம்களில் வழங்கும் மடக்கு நாற்காலியின் மூதாதை 1930களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் இருவரும் செய்தது. சுரங்க விபத்தில் முதுகு முறிந்த எவரெஸ்டுக்குக் காரில் ஏற்றிப்போக ஒன்று தேவைப்பட்டது. ஒரே அளவில் வரும் அந்த வகை நாற்காலி, வேண்டும்போது இறங்கி ஏறும் போலியோக்காரருக்குப் போதுமானதாக இருந்தது. நாளில் பன்னிரண்டு மணி நேரம் அதிலேயே இருக்கும் தண்டுவடக்காரருக்கு அது முதுகை வளைத்து, தோளைத் தேய்த்து, புண்ணைத் தரும். உடல் அளவுக்கேற்பச் செய்யும் நாற்காலிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் இப்போது உருவாக்கித் தருகிறது. 2025இல் அங்கே வந்த ஒன்றின் எடை சுமார் 9 கிலோ. இவை முகாம் வரை வந்து சேர வேண்டும்.

வயது ஏறும்போது

போலியோக்காரரின் துயரம் தாமதமாக வருகிறது. தப்பிப் பிழைத்த நரம்பணுக்கள், செத்தவற்றின் தசைகளையும் சேர்த்து இயக்கிப் பல்லாண்டு இரட்டை வேலை பார்த்தவை. ஐம்பதை நெருங்கும்போது அவை சோர்கின்றன. இதுவரை தாங்கிய கால் தாங்காது, பகலிலேயே களைப்பு அடிக்கும், மூட்டு வலிக்கும். 'பின்போலியோ' என்று இதற்குப் பெயர் உண்டு. போலியோவைக் கண்ணால் பார்த்தே இராத இன்றைய இளம் மருத்துவர்கள் பலர், 'நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். சோர்ந்த தசையை வருத்தினால் அது இன்னும் சீக்கிரம் போகும். வாழ்நாள் முழுக்கக் காலிப்பரோடு நடந்து, 'நாற்காலி வேண்டாம்' என்று வைராக்கியமாக இருந்தவருக்கு, இப்போது நாற்காலியை ஏற்பதே சரியான வைத்தியம். அவருக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள்தாம் அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும்.

தண்டுவடக்காரரின் துயரம் தொடக்கத்தில் அதிகம். சிறுநீரும் தோலும் வழிக்கு வந்துவிட்டால் பல்லாண்டு வாழ்க்கை நிலைபெறும். 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் அங்கே வந்த குழந்தைகள் பலர் போலியோ பாதித்தவர்கள். காலம் மாற மாற, தண்டுவடக் காயமும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் அங்கே வந்து சேர்ந்தன. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல பராமரிப்பும் செய்ய வேலையும் இருந்தால் கழுத்துக் காயத்தோடு எத்தனை தூரம் போகலாம் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

தீர்ப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது. ஆனால் அதன் பட்டியலிலும் தண்டுவடக் காயத்துக்குத் தனிப் பெயர் இல்லை. இயக்க ஊனம் என்ற பொதுத் தலைப்புக்குள் அது அடங்கிவிடுகிறது. இருவர் சான்றிதழிலும் ஒரே சதவீதம் இருக்கலாம். ஒருவர் மாதாமாதம் கதீட்டர், கையுறை, யூரின் பேக், மருந்து, உதவியாளர் கூலி என்று செலவழிக்கிறார். மற்றவருக்கு அந்தச் செலவு இல்லை. சதவீதம் அதைச் சொல்லாது. தமிழக அரசு நாட்பட்ட தண்டுவடக் காயத்தைப் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலில் சேர்த்ததும், 2023 முதல் அந்தத் தொகையை மாதம் 2000 ரூபாய் ஆக்கியதும் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் ஒரு உதவியாளரின் ஒரு வாரக் கூலிக்குக்கூட அது காணாது.

ஒப்பிட்டுப் பார்த்ததில் இவர் கஷ்டம் பெரிது, அவர் கஷ்டம் சிறிது என்ற முடிவு கிடைக்கவில்லை, கிடைக்கவும் வேண்டாம். சாய்தளம், தாழ்தளப் பேருந்து, நுழையக்கூடிய கழிப்பறை மூன்றும் இருவருக்கும் பொது; இவற்றில் எந்தச் சாக்கும் செல்லாது. அதற்கு அப்பால், தண்டுவடக்காரருக்கு அறுவை முடிந்த கையோடு மறுவாழ்வுப் பயிற்சியும், இலவசமாகக் கதீட்டரும், அளவெடுத்த நாற்காலியும் மெத்தையும், உதவியாளருக்குக் கூலியும் வேண்டும். மூப்படையும் போலியோக்காரருக்கு எடை குறைந்த காலிப்பரும், பின்போலியோவை அறிந்த மருத்துவரும், உழைப்பைக் குறைத்துக்கொள்ள மோட்டார் நாற்காலியும் வேண்டும். முகாமில் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் ஒரே நாற்காலியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, கொடுப்பதற்கு முன் அதிகாரிகள் மூன்று கேள்வி கேட்கட்டும்: தொட்டால் தெரிகிறதா? சிறுநீர் எப்படிப் போகிறது? இரவில் புரட்டிவிட ஆள் இருக்கிறதா? பதிலைக் கேட்டபின் கொடுப்பதே உதவி.